ஐஸா, தேங்காய் எண்ணெயா, நெய்யா, மெழுகா? வேலூர் வெயிலில் எது எடுபடும்

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திண்மம், திரவம், வாயு சொல்லித்தர வேண்டுமென்றால் எல்லாருடைய கையும் முதலில் ஐஸுக்குத்தான் போகும். தவறில்லை. ஆனால் ஐஸோடு நிறுத்திவிட்டால் பிள்ளைகள் மனதில் இரண்டு தப்பான முடிவுகள் உட்கார்ந்துவிடும்: கெட்டியாக இருப்பதெல்லாம் சில்லென்று இருக்கும், எது உருகினாலும் தண்ணீர்தான் வரும். அதனால் இரண்டாவதாக ஒரு பொருள் கட்டாயம் வேண்டும். அதைத் தேர்ந்தெடுக்கும்போது ஊரின் வெப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஐஸைக் குடிதண்ணீரில் வீட்டிலேயே உறைய வையுங்கள். மீன் கடைக்கு வரும் பாளம் வேண்டாம். பிள்ளைகள் வாயில் போடாமல் இருக்க மாட்டார்கள். பள்ளியில் ஃபிரிட்ஜ் இல்லையென்றால், வாய் அகன்ற ஃபிளாஸ்க்கைக் குளிர்ந்த தண்ணீரால் ஒருமுறை அலசி, கட்டிகளை விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். காட்பாடியில் பஸ் ஏறி வேலூர் வந்து சேர்ந்து, காலைப் பாடவேளை வரை தாங்கும். உருகுவதை வேடிக்கை பார்ப்பதோடு விடாமல் எடையும் போட்டுக் காட்டலாம். ஜிப் கவரில் 100 கிராம் ஐஸை அடைத்து, உருகும் முன்னும் பின்னும் சமையலறைத் தராசில் வைத்தால் எடை மாறாது. சறுக்குவது இங்கேதான்: கவருக்கு வெளியே காற்றின் ஈரம் படிந்து எடை கூடுதலாகக் காட்டும். துடைத்துவிட்டு வையுங்கள். டம்ளருக்கு வெளியே துளி நின்றால் ‘ஒழுகுது’ என்று சொல்வார்கள். உள்ளே இருக்கும் தண்ணீரில் சிவப்பு ஃபுட் கலர் கலந்துவிட்டால், வெளித்துளி நிறமில்லாமல் இருப்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

ஐஸின் பெரிய குறை, உருகியதை வகுப்பிலேயே சுலபமாகத் திரும்ப உறைய வைக்க முடியாது என்பது. தேங்காய் எண்ணெய் ஜெயிப்பது இந்த இடத்தில்தான். அது உருகுவது ஏறக்குறைய 24, 25 டிகிரி செல்சியஸில். வேலூரில் வருடத்தில் பெரும்பகுதி பாட்டிலில் திரவமாகவே இருக்கும். மார்கழிக் காலையில் வெள்ளையாக உறைந்து நிற்பதைப் பிள்ளைகள் வீட்டிலேயே பார்த்திருப்பார்கள். 30 மில்லியை எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றி ராத்திரியே ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் அதே ஃபிளாஸ்க் ஐஸின் மேல் ஒரு சின்ன டப்பாவில் அடைத்து எடுத்து வாருங்கள். இல்லாவிட்டால் வழியிலேயே உருகிவிடும். அரை டீஸ்பூன் எடுத்து உள்ளங்கையில் வைத்தால் அடுப்பும் தீக்குச்சியும் இல்லாமல் உருகும். உருகியதைக் கிண்ணத்தில் மெல்லிய படலமாக ஊற்றி, ஐஸ் தண்ணீரில் அடிப்பக்கம் படும்படி வைத்தால், ஓரத்திலிருந்து வெள்ளை படர்வதைக் கண்ணெதிரே பார்க்கலாம். ஒரே பொருள் அங்கும் போகிறது, இங்கும் வருகிறது, பாடமே இதுதான். வாசனை கலந்த தலை எண்ணெய் வாங்காதீர்கள். அவற்றில் பலவற்றில் மினரல் ஆயில் சேர்ந்திருப்பதால் சரியாக உறையாது. செக்கில் ஆட்டிய சுத்தமான எண்ணெய் போதும்.

இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். ஐஸ் கட்டி தண்ணீரில் மிதக்கும். உறைந்த எண்ணெய்த் துண்டு உருகிய எண்ணெயில் அடியில் போய் உட்காரும். தண்ணீர் உறையும்போது விரிகிறது, எண்ணெய் சுருங்குகிறது. நான்காம், ஐந்தாம் வகுப்பு என்றால் இதற்கே ஒரு முழுப் பாடவேளை கொடுக்கலாம்.

நெய் பார்க்க நன்றாக இருக்கும், வகுப்புக்கு ஒத்துவராது. அதன் கொழுப்புகள் வெவ்வேறு வெப்பத்தில் உருகுவதால் பாதி மணல்மணலாகவும் பாதி எண்ணெயாகவும் நிற்கும். ‘இது எது மிஸ்?’ என்று கேட்டால் சின்னப் பிள்ளைக்குச் சொல்லும்படி பதில் கிடையாது.

மெழுகுவர்த்தி மெழுகு உருக 50 டிகிரிக்கு மேல் வேண்டும். கெட்டிப் பொருள் குளிர்ச்சியாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தை உடைக்க இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் செய்வது ஆசிரியர் மட்டுமே. நேராக அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும்; வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து உருக்குங்கள். ஆறியதும் நடுவில் குழி விழும், அதையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சூடமும் பாச்சா உருண்டையும் சின்ன வகுப்புக்கு வேண்டவே வேண்டாம், இரண்டுமே விழுங்கினால் ஆபத்து.

‘மணலும் கொட்டினால் ஓடுதே, அது திரவமா?’ என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். நல்ல கேள்வி, தட்டிக்கழிக்காதீர்கள். ஒரு தட்டில் பாலாற்று மணலையும் இன்னொன்றில் தண்ணீரையும் கொட்டுங்கள். மணல் குவியும், தண்ணீர் மட்டமாகப் பரவும். பிறகு ஒரு மணலை லென்ஸில் காட்டினால், அது தன் வடிவம் மாறாத குட்டிக் கல் என்று தெரிந்துவிடும்.

வாயுவுக்கு இரண்டு வழிகள் போட்டி போடும். ஆப்பசோடாவும் வினிகரும் கலந்து பலூனை ஊதவைப்பது ஒன்று: பாட்டிலில் 50 மில்லி வினிகர், பலூனுக்குள் ஒரு டீஸ்பூன் சோடா. பிள்ளைகள் குதிப்பார்கள். ஆனால் அங்கே புதுப் பொருள் உண்டாகிறது, நிலை மாறவில்லை. வாயு இடத்தை அடைக்கும் என்று காட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திரவம் வாயுவாவதைக் காட்ட முற்றத்துத் தரையில் தண்ணீர் தெளித்து, ஓரத்தைச் சாக்பீஸால் கோடு போடுவதுதான் எங்கள் தேர்வு. வெயிலில் ஒரு வட்டம், நிழலில் ஒரு வட்டம், இரண்டுக்கும் ஒரே மூடியளவு தண்ணீர். தரை மண்ணாக இருந்தால் உறிஞ்சிக் குழப்பும்; சிமெண்டுத் தரையாகப் பாருங்கள். நிழல் வட்டம் காய நேரம் பிடிக்கும் என்பதால், மதியச் சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்பு தெளித்துவிடுங்கள்.