‘கோன் 6 தாராளமா போகும்’ என்று விற்கும் பழைய கில்ன் செட்: வாங்கும் முன் இதைப் படியுங்கள்

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் பாட்டரி (மண்பாண்டக் கலை) கற்றுக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் சின்னதாக ஸ்டுடியோ வைக்க நினைப்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். பழைய எலெக்ட்ரிக் கில்ன் (மண்பாண்டம் சுடும் மின்சூளை), உயர்வெப்பத்தில் சுடும் ஸ்டோன்வேர் மண், உணவுப் பாத்திரத்துக்கு ஏற்ற கிளேஸ் (சுட்டதும் கண்ணாடிபோல் ஆகும் பூச்சு), மூன்றையும் ஒரே செட்டாகத் தருகிறேன் என்று ஒருவர் விற்றுவருகிறார். அவரிடம் ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கினேன். மூன்றில் ஒன்றுகூட அவர் சொன்ன பொருள் இல்லை. பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த கிளேஸில் ஈயம் இருக்கிறது. அதைப் பூசிச் சுட்ட கப்பில் இன்றைக்கும் யாரோ காபி குடித்துக்கொண்டிருக்கலாம்.

புகார் விசாரணையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. அவர் என்ன செய்தார் என்பதை விவரமாகச் சொல்கிறேன். அது தெரிந்தால் வேறு யார் இதே வேலையைச் செய்தாலும் பிடித்துவிடலாம்.

“1280 வரைக்கும் போகும் மேடம், கோன் சிக்ஸ் தாராளமா வரும்” என்றார். கோன் என்பது சூளைக்குள் வைக்கும் சின்னக் கூம்பு, அதன் எண்ணுக்குரிய சூடு வந்ததும் வளைந்து சாயும். கோன் 6 என்பது ஏறத்தாழ 1222 டிகிரி செல்சியஸ். ஸ்டோன்வேர் மண் அந்தச் சூட்டில்தான் இறுகி, தண்ணீர் புகாத பாத்திரமாகிறது. மண் மூட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் ‘பாண்டி ஸ்டோன்வேர்’ என்று எழுதியிருந்தது. ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அங்கே கற்றவர்களும், அவர்களிடம் கற்றவர்களுமாக உழைத்து ஸ்டோன்வேரில் அந்த ஊருக்கு ஒரு பெயர் வாங்கித் தந்திருக்கிறார்கள். அந்தப் பெயரைத்தான் இந்த ஆள் மூட்டையில் கிறுக்கி வைத்திருந்தார். கிளேஸ் டப்பாக்களில் ‘ஃபுட் சேஃப், லெட் ஃப்ரீ’ என்று பளிச்சென்று ஸ்டிக்கர். தயாரித்தவர் பெயரும் இல்லை, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற விவரமும் இல்லை.

வீட்டில் கொண்டுவந்து மாட்டி, 1222 வைத்துச் சுட்டால், பானைகள் அருமையாக வந்தன. கிளேஸ் கண்ணாடியாக உருகி மின்னியது. யாருக்கும் சந்தேகம் வராது. இந்த மோசடியின் சாமர்த்தியமே அங்கேதான் இருக்கிறது. கில்ன் உண்மையில் 1100 டிகிரியைத்தான் தொட்டது. டிஸ்ப்ளேயில் தெரிந்தது மட்டும் 1222. மண் சாதாரணச் செம்மண் கலவை, அதற்கு 1100 போதும். கிளேஸும் ஈயம் போட்ட தாழ்வெப்பச் சரக்கு, அதுவும் அந்தச் சூட்டில் நன்றாக உருகும். மூன்று பொய்யும் ஒன்றுக்கொன்று கச்சிதமாகப் பொருந்தியதால் எதுவும் வெளியே தெரியவில்லை. இதில் கில்னோ கிளேஸோ மட்டும் நிஜமான சரக்காக இருந்திருந்தால் முதல் சூட்டிலேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். அவர் ஏன் தனித்தனியாக விற்க மறுக்கிறார் என்பதற்கும் இதுதான் காரணம்.

அத்தை மூலமாகத்தான் விஷயம் வெளியே வந்தது. எலுமிச்சை ஊறுகாய் போட்டுவைக்கப் பச்சை கிளேஸில் ஒரு ஜாடி செய்து கொடுத்திருந்தேன். “என்னம்மா, உன் ஜாடிக்கு அடியிலே உப்பு பூக்குது. துடைச்சுத் துடைச்சு வைக்கிறேன், மறுநாள் பார்த்தா திரும்ப வெள்ளையா நிக்குது” என்று போன் செய்தார். நேரில் போய்ப் பார்த்தேன். கிளேஸ் பூசாத அடி வளையம் முழுக்க மெல்லிய வெள்ளைப் பொருக்கு. ஜாடி வைத்திருந்த மர அலமாரியில் வட்டமாக ஈரக்கறை. உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தால் கிளேஸில் தலைமுடி போலக் கோடு கோடாக விரிசல். அதன் வழியாக உப்புநீர் இறங்கி, மண்ணில் ஊறி, அடியில் வந்து காய்ந்திருக்கிறது. கோன் 6இல் ஒழுங்காக வெந்த ஸ்டோன்வேர் இப்படிக் கசியவே கசியாது.

வீட்டுக்கு வந்ததும் கிளேஸ் பூசாமல் அதே சூட்டில் சுட்டிருந்த ஒரு கிண்ணத்தை எடுத்துச் சமையலறைத் தராசில் வைத்தேன். 240 கிராம். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டு, காலையில் ஈரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி நிறுத்தால் 269 கிராம். தன் எடையில் 12 சதவீதம் தண்ணீரைக் குடித்திருக்கிறது. நல்ல ஸ்டோன்வேர் இரண்டு மூன்று சதவீதத்தைத் தாண்டாது.

அப்புறம் வேறு கடையில் கோன் வாங்கி, 04, 03, 5, 6 என்று தட்டில் வரிசையாக நிறுத்தி மறுபடி சுட்டேன். டிஸ்ப்ளே 1222 காட்டி நின்றது. ஆறவிட்டுத் திறந்தால் 04 படுத்துவிட்டது, 03 வளைந்திருக்கிறது, 5ம் 6ம் வைத்தது வைத்தபடி நேராக நிற்கின்றன. அதாவது உள்ளே வந்த சூடு 1100 பக்கம்தான். கோன் வாங்கும்போது அந்தச் சுழியத்தைக் கவனியுங்கள். முன்னால் சுழியம் இருந்தால் அது தாழ்வெப்பக் கோன். 06 வேறு, 6 வேறு. இரண்டுக்கும் இடையே 200 டிகிரிக்கு மேல் வித்தியாசம் உண்டு.

டிஸ்ப்ளே எப்படிப் பொய் சொல்லும்? தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து வந்தேன். சூடேற்றும் காயில்களின் இணைப்பைக் கழற்றிவிட்டு, சூட்டை அளக்கும் கம்பியான தெர்மோகப்பிளை மட்டும் வெளியே எடுத்து, நுனியைக் கொதிக்கிற தண்ணீரில் விட்டார். 100க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். 130 காட்டியது. அதைப் படித்துச் சூட்டைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலரின் மெனுவுக்குள் போய்ப் பார்த்தால், மாட்டியிருப்பது ‘கே’ டைப் தெர்மோகப்பிள், செட்டிங்கில் இருப்பது ‘என்’ டைப். ஒரே சூட்டில் ‘கே’ டைப் கொடுக்கும் மில்லிவோல்ட் அதிகம். ‘என்’ அட்டவணையை வைத்து அதைப் படிக்கும் கண்ட்ரோலர் சூட்டைக் கூட்டிச் சொல்லும். உச்சத்தில் சுமார் 120 டிகிரி பொய். சாதாரண அறைச் சூட்டில் இரண்டும் ஒன்றுபோலத்தான் காட்டும், அதனால் கில்ன் ஆறிக் கிடக்கும்போது பார்த்தால் 30, 32 என்று சரியாகவே தெரியும். தெரியாமல் நடந்த தவறாக இருக்கக் கூடாதா என்று யோசித்தேன். அந்த மெனுவுக்கு அவர் பாஸ்வேர்ட் போட்டு வைத்திருந்தார். கேட்டபோது, “அதுல கை வெச்சா வாரண்டி போயிடும் மேடம்” என்றார். கண்ட்ரோலர் கம்பெனியின் கையேட்டைப் பார்த்து ரீசெட் செய்துதான் எலெக்ட்ரீஷியன் உள்ளே போனார்.

சரி, ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? காயில் கம்பிதான் காரணம். 1280 போகும் கில்னுக்குக் காந்தல் (Kanthal) ஏ-1 போன்ற உயர்வெப்பக் கம்பி வேண்டும். இதில் இருந்தது நிக்ரோம், அதாவது நிக்கலும் குரோமியமும் கலந்த கம்பி. நிக்ரோம் கம்பியே 1200 டிகிரி வரைதான் தாங்கும், சூளைக்குள் 1222 கொண்டுவர வேண்டுமானால் கம்பி அதைவிடச் சூடாக வேண்டும். நிஜமாகவே கோன் 6 வரை ஏற்றியிருந்தால் சீக்கிரமே காயில் அறுந்து அவர் மாட்டியிருப்பார். இதைக் கண்டுபிடிக்க ஒரு காந்தம் போதும். மெயினை அணைத்து, கில்ன் நன்றாக ஆறிய பிறகு காயிலில் வைத்துப் பாருங்கள். காந்தல் கம்பியில் இரும்பு இருப்பதால் ஒட்டும். 80/20 நிக்ரோமில் ஒட்டாது. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து வைத்தேன், நழுவிக் கீழே விழுந்தது.

மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. செம்மண் மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. மானாமதுரைப் பானையில் தண்ணீர் குளிர்வதே அது கசிவதால்தான். அதே ஊர் மண்ணில்தான் கடமும் செய்கிறார்கள். அந்த மண்ணை அதன் பெயரில், அதன் விலையில் விற்றால் சந்தோஷமாக வாங்குவேன். இவர் விற்ற மண்ணில் ஒரு துண்டைப் புதுச்சேரி நண்பர் ஒருவரின் கில்னில், ஷெல்ஃப் பாழாகாமல் இருக்க ஒரு தட்டில் வைத்து, நிஜக் கோன் 6இல் சுட்டோம். கொப்புளம் கொப்புளமாக உப்பி, தட்டோடு ஒட்டிக் கறுத்துப் போனது.

கிளேஸ் விஷயத்தில்தான் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஊறுகாய் ஜாடியையும் ஒரு கப்பையும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்தேன். 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை ஊற்றி 24 மணி நேரம் வைத்து, எவ்வளவு ஈயம் கரைந்து வருகிறது என்று அளப்பார்கள். ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரப்படி கப்புக்கும் சேமிக்கும் ஜாடிக்கும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் வரைதான் அனுமதி. இரண்டுமே அதைப் பல மடங்கு தாண்டியிருந்தன. பச்சை ஜாடி இன்னும் மோசம். தாமிரம் சேர்த்துப் பச்சையாக்கிய ஈய கிளேஸிலிருந்து ஈயம் இன்னும் எளிதாகக் கரையும். நம் வீட்டில் ரசம், புளிக்குழம்பு, மோர், ஊறுகாய் என்று எல்லாமே புளிப்பு. குழந்தைகளுக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வாசனையோ நிறமோ காட்டிக்கொடுக்காது. எலுமிச்சைத் துண்டை ராத்திரி முழுக்க வைத்துப் பார்ப்பதாகச் சிலர் சொல்வார்கள். நிறம் மாறினால் கிளேஸ் சரியில்லை என்று தெரியும், அவ்வளவுதான். நிறம் மாறவில்லை என்பதால் ஈயம் இல்லை என்று ஆகிவிடாது. அத்தைக்கு ரத்தப் பரிசோதனை செய்தோம். நல்லவேளை, பயப்படும்படி ஒன்றுமில்லை. ஊறுகாயைக் கொட்டிவிட்டோம்.

ஆய்வறிக்கையை அனுப்பியதும் அவர் சொன்னது: “நீங்க தப்பா ஃபயர் பண்ணியிருப்பீங்க. செகண்ட் ஹேண்ட் பொருளுக்கு யாரும் கியாரண்டி தரமாட்டாங்க.” அதன் பிறகு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். அவர் தந்தது ஜிஎஸ்டி எண் இல்லாத துண்டுச்சீட்டுதான். ஆனால் பணம் யூபிஐயில் போயிருக்கிறது, ‘1280’, ‘லெட் ஃப்ரீ’ என்று அவர் கைப்பட அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் இருக்கின்றன. அவற்றை வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், விற்றவரின் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். வழி தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துக் கேளுங்கள்.

வாங்கப் போகிறவர்கள் காந்தத்தையும் சில கோன்களையும் கையோடு கொண்டுபோங்கள். உங்கள் கண்முன்னே ஒரு முறை சுட்டுக் காட்டச் சொல்லுங்கள், மறுநாள் ஆறியதும் திறக்கும்போதும் கூடவே இருங்கள். “அதெல்லாம் தேவையில்லை மேடம்” என்றால் கிளம்பி வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் அந்தப் பாத்திரங்களை இன்றைக்கே சமையலறையிலிருந்து எடுத்துவிடுங்கள். பரிசாகக் கொடுத்திருந்தால் போன் செய்து திரும்ப வாங்குங்கள், சங்கடப்படாதீர்கள். பழைய சாமான்காரரிடம் போடாதீர்கள், வேறொரு வீட்டு அடுப்படிக்குப் போய்விடும். நான் எல்லாவற்றுக்கும் அடியில் டிரில்லால் துளை போட்டு வைத்திருக்கிறேன். மீந்த கிளேஸ் பொடியை சிங்க்கில் கொட்டாதீர்கள், மூடியை டேப் போட்டு ஒட்டிக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பொடி சிந்திய இடத்தைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். அந்த டப்பாக்கள் உங்களிடம் இருந்தால் ஸ்டிக்கரைக் கிழிக்க வேண்டாம், புகாருக்கு அதுதான் சாட்சி.