சொல்-பட அட்டைப் பெட்டி: அப்பாவுக்குச் சரி, அத்தைக்கு இல்லை

மறதிநோய் உள்ளவர்களின் வார்த்தைப் பயிற்சிக்கென்று விற்கும் அட்டைப் பெட்டி இது. ஒரு பக்கம் படம், பின்பக்கம் பெயர். எங்கள் வீட்டில் அல்சைமர் உள்ள அப்பாவுக்கும், செமான்டிக் டிமென்ஷியா (சொற்களின், பொருட்களின் அர்த்தமே மறந்துபோகும் மறதிநோய்) உள்ள அத்தைக்கும் சேர்த்துத்தான் வாங்கினேன்.

படங்கள் எல்லாம் நிஜப் புகைப்படங்கள். அதுவே பெரிய ஆறுதல். முன்பு வாங்கிய செட்டில் கார்ட்டூன்கள்தான் இருந்தன. "ஏம்மா, யாரு பிள்ளைக்கு வாங்கின?" என்று அப்பா தள்ளி வைத்துவிட்டார். இதிலும் சரியாகச் சொன்னால் ஒட்ட நட்சத்திர ஸ்டிக்கர் கொடுத்திருக்கிறார்கள். அது நேராகக் குப்பைக்குப் போனது.

சீப்புப் படத்தைக் காட்டினால் அப்பா தலையை வாருவதுபோல் கையை ஓட்டுவார். பொருள் தெரியும், பெயர் மட்டும் சிக்காது. அட்டையைத் திருப்பி, கட்டைவிரலால் மீதியை மறைத்து 'சீ' மட்டும் காட்டுவேன். "சீப்பு!" உடனே வந்துவிடும். முதல் எழுத்தைத் தனியாக அச்சிட்டிருந்தால் என் விரலுக்கு வேலை மிச்சம்.

அத்தை கதை வேறு. 'குடை' என்று செய்தி வாசிப்பவர் மாதிரி கணீரென்று வாசிப்பார். அடுத்த நொடி, "குடைன்னா என்னடி?" என்பார். உடன் வரும் கையேடோ, சத்தமாக வாசித்துவிட்டால் அந்த அட்டை தேர்ச்சி என்கிறது! ஆங்கிலத்தில் எழுத்தும் ஒலியும் ஒத்துப்போகாத சொற்கள் ஏராளம். இந்த நோய் உள்ளவர்கள் அவற்றை எழுத்துக்கூட்டித் தப்பாக வாசிப்பதிலேயே குறை வெளிப்பட்டுவிடும். தமிழில் எழுத்தைச் சொன்னாலே பெரும்பாலும் சொல் வந்துவிடுகிறது. அர்த்தம் போனது வாசிப்பில் தெரிவதே இல்லை. மூளையின் இடது பொட்டுப் பகுதி சுருங்கிப் பேச்சு பழுதான ஒருவரை மருத்துவர் அர்னால்ட் பிக் 1892-லேயே விவரித்திருக்கிறார். கையேடு எழுதியவருக்குச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போல.

அத்தைக்கு முதல் எழுத்தைச் சொல்லிக் கொடுத்தும் பயனில்லை. அட்டையில் இருக்கும் சிவப்புக் குடையைப் பழக்கினாலும், கதவருகே தொங்கும் எங்கள் கறுப்புக் குடை அவருக்குப் புதுப் பொருள்தான். பெட்டியில் நம் புகைப்படத்தைச் செருகிக்கொள்ள சில வெற்று உறைகளும் இருக்கின்றன. அத்தை தினமும் எடுத்துப் புழங்கும் பொருட்களையே படமெடுத்து அவற்றில் போட்டேன். அவருக்கு ஓரளவாவது பிடிபடுவது அவைதான், அதுவும் விடாமல் பழகினால். நாலு நாள் விட்டால் அதுவும் நழுவும்.

அப்புறம், அட்டைகளுக்குப் பளபளப்பு லேமினேஷன். விளக்கடியில் பிடித்தால் வெளிச்சம் பட்டுப் பாதிப் படம் மறைகிறது. ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்துதான் பார்க்கிறோம்.

அல்சைமரின் ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்குத் தாராளமாக வாங்கலாம். அத்தை மாதிரி இருப்பவர்களுக்கு அந்த வெற்று உறைகள் போதும். ஆனால் கேட்டுப் பார்த்துவிட்டேன், அவற்றைத் தனியாக விற்பதில்லையாம்.