பெட்டிதான் வரவில்லை, மாத்திரை ஊரிலேயே இருந்தது

பர்மிங்காமிலிருந்து வந்து பெங்களூரில் இறங்கினோம். எங்கள் பெட்டிகளில் ஒன்று வரவில்லை. விமான நிறுவனத்தார் முகவரியை எழுதி வாங்கிக்கொண்டு, வந்ததும் வீட்டுக்கே அனுப்புவதாகச் சொன்னார்கள். ஓசூர், ராயக்கோட்டை வழியாகப் பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர் வந்து சேர்ந்தோம். துணிமணிக்குக் கவலையில்லை. நான் தினமும் போடும் கருத்தடை மாத்திரை அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

பெட்டி வருவதற்குள் மூன்று மாத்திரை விட்டுப்போனது. கையோடு உதிரமும் படத் தொடங்கியது. மாதவிலக்குக்கு இன்னும் நாள் இருந்தது. ஆடி 18க்கு ஒகேனக்கல் போய்க் குளித்துவிட்டு வந்து மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற வீட்டில் எல்லா ஏற்பாடும் ஆகியிருந்தது. "ஊர்த் தண்ணி மாறினா இப்படித்தான் ஆகும்" என்றார் அம்மா.

முதலில் போனது மருந்துக்கடைக்கு. நான் தயங்கித் தயங்கிச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு அட்டையைத் தாளில் சுற்றி நீட்டினார்கள். "மூணு வேளை போடுங்க, நின்னுடும். கோயிலுக்குத் தாராளமா போலாம்." வேறு என்ன மாத்திரை போடுகிறீர்கள், கர்ப்பமாக இருக்க வாய்ப்புண்டா, ரத்த அழுத்தம் உண்டா என்று ஒரு கேள்வி இல்லை. திருவிழா நேரத்தில் மாதவிலக்கைத் தள்ளிப்போடும் இந்த மாத்திரையை நம் பெண்கள் மிட்டாய் போல வாங்கிப் போடுகிறார்கள். எனக்கு இது மிகுந்த வருத்தம் தரும் விஷயம்.

அத்தைதான் நல்ல வழி சொன்னார். "கடைக்காரன் பேச்சை வுடு கண்ணு, நர்ஸம்மாவ பாரு." மறுநாள் புதன்கிழமை. தடுப்பூசி நாள் என்பதால் ஆரம்ப சுகாதார நிலையம் முழுக்கக் குழந்தைகளின் அழுகை. கூட்டம் குறையும்வரை உட்கார்ந்திருந்தேன். கிராம சுகாதார செவிலியர் என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார்: எத்தனை விட்டுப்போச்சு, அட்டையில மிச்சம் எத்தனை இருக்கு, வீட்டுக்காரர் கூட இருக்காரா, தலைவலி, கால் வீக்கம் ஏதாவது உண்டா. ரத்த அழுத்தம் பார்த்தார். சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனையும் செய்தார். இல்லை என்று வந்தது. "இப்பவே முடிவா சொல்ல முடியாதுங்க, மூணு வாரம் கழிச்சு இன்னொரு தடவ பாத்துடுங்க" என்றார்.

பிறகு மேசை இழுப்பறையிலிருந்து மாலா-என் என்ற கருத்தடை மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து என் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். நான் போடுவது மைக்ரோகைனான் 30. இரண்டின் பின்புறத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தோம். லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம், எத்தினைல் எஸ்ட்ராடியால் 0.03 மில்லிகிராம். இரண்டிலும் அதே மருந்து, அதே அளவு! என்னுடையதில் 21 மாத்திரை, பிறகு 7 நாள் இடைவெளி. மாலா-என்னில் 21 ஹார்மோன் மாத்திரையோடு அந்த 7 நாளுக்கு இரும்புச்சத்து மாத்திரையும் சேர்த்து மொத்தம் 28. அரசு இதை இலவசமாகத் தருகிறது. பெட்டிக்காக நான் காத்துக்கிடந்த நாளெல்லாம் இது நடந்து போகும் தூரத்தில் இருந்திருக்கிறது. வெளிநாட்டில் போடும் எல்லா மாத்திரைக்கும் இது பொருந்தாது. புரோஜெஸ்டோஜென் என்ற ஒரு ஹார்மோன் மட்டும் உள்ள மாத்திரைக்கு விதி வேறு, நேரக் கெடுவும் இறுக்கமானது. அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

உதிரம் ஏன் பட்டது என்பதையும் பொறுமையாகச் சொன்னார். மாத்திரையின் ஹார்மோன்தான் கர்ப்பப்பையின் உள்சவ்வைத் தாங்கி நிற்கிறது. இரண்டு மூன்று நாள் அது கிடைக்காவிட்டால் சவ்வு உதிர ஆரம்பிக்கும். அதைப் பார்த்துப் பயந்து மாத்திரையை அடியோடு நிறுத்துவதுதான் தப்பு என்றார். விட்டதில் கடைசி ஒன்றை மட்டும் போட்டுவிட்டு, மீதியைத் தள்ளிவிட்டு, வழக்கமான நேரத்தில் தொடர வேண்டும். தொடர்ந்து 7 நாள் போட்டு முடியும்வரை ஆணுறை அவசியம். அதுவும் அங்கேயே இலவசம். என் அட்டையில் ஏழுக்கும் குறைவாகவே மிச்சம் இருந்ததால், இடைவெளி விடாமல் அடுத்த அட்டையைத் தொடங்கச் சொன்னார். ஒரே ஒரு மாத்திரை விட்டுப்போயிருந்தால் இவ்வளவு வேண்டியதில்லை, நினைவு வந்ததும் போட்டால் போதும்.

அட்டையின் முதல் வாரத்திலேயே இப்படி விட்டுப்போய், அந்த நாட்களில் உறவும் இருந்திருந்தால் விஷயம் வேறு. உறவு நடந்த 72 மணி நேரத்துக்குள் அவசரக் கருத்தடை மாத்திரையைப் போட வேண்டும். நம் தமிழ்நாட்டு மருந்துக்கடைகள் பலவற்றில் அதைக் கேட்டால் இல்லை என்றே பதில் வரும். கடை கடையாக அலைந்து நேரத்தைக் கழிக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள். 5 நாளுக்குள் என்றால் கர்ப்பப்பைக்குள் பொருத்தும் காப்பர்-டி போட்டுக்கொள்ளவும் வழி உண்டு.

கடையில் தந்த அட்டையையும் காட்டினேன். "இது தேவையில்லைங்க. உங்க மாத்திரையையே ஒழுங்கா போடுங்க, தானா நிக்கும்." அப்படியே சில நாளில் நின்றது. மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ, ஒரு பக்கமாக அடிவயிறு கடுமையாக வலித்தாலோ, தலை சுற்றி மயக்கம் வந்தாலோ காத்திருக்காமல் 108ஐ அழைத்து தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகச் சொல்லியிருந்தார். அந்த நிலை வரவில்லை.

ஒன்று மட்டும் மனதை உறுத்துகிறது. பதிவேட்டில் பெயர் எழுதும்போது கணவர் பெயரையும் கேட்டார்கள். எனக்குச் சொல்வதில் சிரமமில்லை. கல்யாணமாகாத பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன செய்வாள்? இவ்வளவு தெளிவாகப் பேசிய அந்தச் செவிலியரிடம் அவளும் தயக்கமில்லாமல் வர வேண்டும். கிளம்பும்போது இதை அவரிடமே சொன்னேன். "வந்தா பாப்பேங்க, யாரா இருந்தாலும் பாப்பேன். வர்றதில்லையே" என்றார்.