டிரம்மில் ஓடும், கடலில் நிற்கும்: என் 9.9 அவுட்போர்டு

பழவேற்காட்டிலிருந்து நண்பன் ஒருவன் கேட்டான்: "மச்சான், நீ வச்சிருக்கிற அதே மோட்டாருக்கு இப்போ விலை குறைச்சிருக்காங்க. வாங்கலாமா?" போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால் எழுதுகிறேன்.

படகின் பின்புறத்தில் வெளியே மாட்டுகிற அவுட்போர்டு மோட்டார் இது. 9.9 குதிரைத்திறன், டூ ஸ்ட்ரோக், பெட்ரோல். சென்னை ஊரூர்குப்பத்திலிருந்து ஃபைபர் படகில் போகிறவர்களுக்கு இதைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. படகு கரையேறியதும் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு மணலில் நடந்துவிடலாம். பெட்ரோலில் ஆயிலை 50-க்கு 1 என்று சரியாகக் கலந்து, திரும்பியதும் நல்ல தண்ணீரில் ஓடவிட்டு உப்பைக் கழுவினால் நெடுநாள் உழைக்கும். இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீரை இறைக்கும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் மாற்ற வேண்டிய நேரம் வந்தால் பக்கவாட்டில் பீய்ச்சும் தண்ணீர் மெலிந்து, அதுவே சொல்லிவிடும். இன்ஜினில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

வந்த குறை வேறு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். எங்களைப் போன்ற சிறு படகுக்காரர்களின் மீனுக்கு நல்ல விலை கிடைப்பது அப்போதுதான். அந்த நேரம் பார்த்து ஆரம்பித்தது. கரையில் கயிற்றை இழுத்ததும் மோட்டார் கிளம்பும். கைப்பிடியை முழுதாக முறுக்கிக் கொஞ்ச தூரம் போனால் சத்தம் மாறும். சிலிண்டர் விட்டுவிட்டு அடிக்கும், மேல்மூடி கடகடவென்று அதிரும், அப்புறம் நின்றுவிடும். கொஞ்சம் பொறுத்து இழுத்தால் மறுபடி ஓடும். கச்சான் காற்று படகைக் கடலுக்குள் தள்ளுகிற மாதங்கள் அவை. திரும்பும்போது அலை உடைகிற இடத்தில் மோட்டார் நின்றால் படகு குறுக்கே திரும்பிவிடும். அடுத்த அலை கவிழ்த்துவிடும்.

சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பிளக் மாற்றினார்கள், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள், தண்ணீர் நிரப்பிய டிரம்மில் ஓட்டிக் காட்டினார்கள், பில் போட்டார்கள். கடலில் மறுபடி நின்றது. திரும்பப் போனால், "இங்க நல்லாத்தானே ஓடுது சார்" என்றார்கள். இந்த மோட்டாருக்குப் பெட்ரோல் டேங்க் தனி, ஹோஸ் வழியாகத்தான் பெட்ரோல் வரும். அவர்கள் ஓட்டிப் பார்த்தது அவர்களுடைய டேங்கில், அவர்களுடைய ஹோஸில். என் டேங்கும் ஹோஸும் வீட்டில் கிடந்தன. அவற்றைக் கொண்டுவாருங்கள் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. இதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

கடைசியில் காசிமேட்டில் ஒரு வயதான மெக்கானிக்கைப் பிடித்தேன். அவர் மோட்டாரின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "தம்பி, சத்தம் மாறும்போது பல்பை அமுக்கிக்கிட்டே இரு" என்றார். ஹோஸின் நடுவில் இருக்கும், கையால் அமுக்கிப் பெட்ரோலைத் தள்ளுகிற ரப்பர் உருண்டைதான் பல்ப். அமுக்கினேன், நிற்காமல் ஓடியது. அப்படியென்றால் பிளக்கில் கோளாறில்லை, பெட்ரோல் வந்து சேரும் வழியில்தான் கோளாறு. முதலில் டேங்க் மூடியின் காற்றுத் திருகைப் பார்த்தார், திறந்திருந்தது. அடுத்து ஹோஸ் முனையின் கனெக்டரைப் பிரித்தார். உள்ளே இருந்த ரப்பர் வளையம் வெடித்திருந்தது. மோட்டார் உறிஞ்சும்போது அந்த வெடிப்பு வழியே பெட்ரோலோடு காற்றும் போகும். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாததால் கண்ணில் படாது.

இதைச் சின்னக் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது. இந்த மோட்டாரில் ஆயில் தனியாக வருவதில்லை, பெட்ரோலோடுதான் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், பிஸ்டன் சூடேறித் தேயும். அந்தக் கடகட சத்தத்தோடு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் இன்ஜினே போயிருக்கும். இப்போது பங்கில் கிடைக்கிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் கெடுக்கும். டேங்கில் நாள்கணக்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதே என்று அவர் சொன்னதும் இதனால்தான்.

வளையம், ஹோஸ், பல்ப் மூன்றையும் மாற்றிய பிறகு மோட்டார் புதிது மாதிரி ஓடுகிறது. இவ்வளவு நல்ல இன்ஜினை நான் கையாண்டதில்லை.

ஆனாலும் மச்சான், வாங்காதே. ஒரு ரப்பர் வளையத்தைக் கண்டுபிடிக்கத் தெரியாதவர்கள் கையில் சர்வீஸ் இருக்கும்போது, விலையைக் குறைத்து என்ன பிரயோஜனம்? மீறி வாங்கினால், சர்வீஸுக்குப் போகும்போது உன் டேங்க், உன் ஹோஸ், உன் பெட்ரோல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போ. அதில் ஓட்டிக் காட்டாமல் பில்லுக்குக் காசு கொடுக்காதே.