10 ஜிபிபிஎஸ் திட்டம்: மெதுவான வீட்டு இணையத்துக்கு இது மருந்தாகுமா?

சிங்கப்பூரில் 1 ஜிபிபிஎஸ் (விநாடிக்கு ஒரு கிகாபிட், அதாவது 1,000 மெகாபிட்) ஃபைபர் திட்டத்துக்கும் 10 ஜிபிபிஎஸ் திட்டத்துக்கும் மாதக் கட்டணத்தில் இப்போது பெரிய இடைவெளி இல்லை. சில வெள்ளிதானே கூடுதல் என்று, படுக்கையறையில் வீடியோ நின்று நின்று ஓடுவதைப் பார்த்துச் சலித்த குடும்பங்கள் 24 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகின்றன. மாறிய பிறகும் அதே படுக்கையறையில் அதே வீடியோ நிற்கிறது. இந்த மதிப்பீடு எந்த ஒரு நிறுவனத்தையும் பற்றியதல்ல, 10 ஜிபிபிஎஸ் என்கிற சேவையைப் பற்றியது. சேவை நல்ல சேவைதான். ஆனால் பெரும்பாலான வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் கோளாறு இருப்பது சுவருக்கு வெளியே அல்ல, சுவரிலிருந்து கைப்பேசி வரையுள்ள பத்து மீட்டரில். அதைச் சரிசெய்யாமல் திட்டத்தை மட்டும் மாற்றினால் காசு வீண்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: எந்த நிறுவனத்திடம் வாங்கினாலும் வீட்டுக்குள் வரும் ஒளியிழை பெரும்பாலும் நாட்டின் ஒளியிழை வலையமைப்பை நடத்தும் நெட்லிங்க் டிரஸ்ட் போட்டதுதான். நிறுவனத்தை மாற்றினால் அவர்களுடைய உள்கட்டமைப்பும் வெளிநாட்டுத் தொடர்புகளும் ரவுட்டரும் மாறும், சுவரிலுள்ள இழை மாறாது. அதனால் இழை மடங்கிக் கிடக்கும் வீட்டில் எத்தனை நிறுவனம் மாறினாலும் தொல்லை கூடவே வரும்.

ஒளியிழையில் தரவு அனுப்பும் பழைய ஜிபான் முறையில் கீழிறங்கும் திசையில் சுமார் 2.5 ஜிபிபிஎஸ், மேலேறும் திசையில் சுமார் 1.25 ஜிபிபிஎஸ். இதைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. புதிய எக்ஸ்ஜிஎஸ்-பான் முறையில் இரு திசையிலும் சுமார் 10 ஜிபிபிஎஸ். 2024இல் அரசாங்கம் இந்த மேம்பாட்டுக்கு 100 மில்லியன் வெள்ளி வரை ஒதுக்குவதாக அறிவித்தது. 2028க்குள் 500,000 வீடுகள் 10 ஜிபிபிஎஸ் சேவையில் இருக்க வேண்டும் என்பது இலக்கு. ஆகவே 10 ஜிபிபிஎஸ்ஸின் உண்மையான லாபம் இரண்டு: மேலேற்றும் வேகம், பகிர்வில் நெரிசல் குறைவது. பெரிய வீடியோ கோப்புகளை அனுப்புபவர், வீட்டில் நாஸ் (வலையில் இணைத்த சேமிப்புப் பெட்டி) வைத்து வெளியிலிருந்து பயன்படுத்துபவர், ஒரே நேரத்தில் கனமான பதிவிறக்கம் செய்யும் நாலைந்து பேர் உள்ள வீடு, இவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கலாம். பிங் நேரம் (தரவு போய்த் திரும்பும் நேரம்) குறையும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமே. ஒளி ஓடும் வேகம் திட்டத்தைப் பார்த்து மாறாது.

எண்களைக் கொஞ்சம் பார்ப்போம். சாதாரண மடிக்கணினியின் கம்பி செருகும் கிகாபிட் முனையில் எவ்வளவு பெரிய திட்டம் போட்டாலும் ஸ்பீட் டெஸ்டில் 940 எம்பிபிஎஸ்ஸுக்கு (விநாடிக்கு மெகாபிட்) மேல் வராது. 2.5 ஜிபிபிஎஸ் முனை இருந்தால் 2,300க்குச் சற்று மேல். வைஃபை 6 கைப்பேசி, 80 மெகாஹெர்ட்ஸ் சேனல் அகலத்தில், அதே அறையில் இருந்தால் 600 முதல் 800 வரை. ஒரு சுவர் தாண்டினால் பாதி. இங்கே 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 500 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே வைஃபைக்குத் திறந்திருப்பதால், வைஃபை 7 விளம்பரங்களில் வரும் 320 மெகாஹெர்ட்ஸ் சேனல் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதுவும் சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். பத்தாயிரம் என்ற எண் ரவுட்டரின் ஒரு முனையில் வரும். அதைக் கையில் வாங்கும் சாதனம் பெரும்பாலான வீடுகளில் கிடையாது.

இனி அந்தப் பத்து மீட்டர்.

ஸ்பீட் டெஸ்டில் மறுபடி மறுபடி 94 அல்லது 93 என்று வந்தால், அது இணையத்தின் குறை அல்ல. அது கம்பியின் கையெழுத்து. கிகாபிட் ஓடுவதற்கு ஈதர்நெட் கம்பிக்குள் இருக்கும் நான்கு இணைகளும் தேவை. அதில் ஒரு கம்பி அறுந்தாலும், ஆர்ஜே45 முனையில் (கம்பி நுனியிலுள்ள செருகி) சரியாக அழுந்தாவிட்டாலும், இரு பக்கமும் தமக்குள் பேசி 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். அந்த வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு ஊசிகள் போதும். இணையம் ஓடுகிறது, யாருக்கும் சந்தேகம் வருவதில்லை, பழி நிறுவனத்தின் மேல் விழுகிறது. ரவுட்டர் பின்புற விளக்கைப் பாருங்கள். பல மாடல்களில் கிகாபிட்டுக்குப் பச்சை, 100க்கு ஆரஞ்சு. முனையின் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தால் கம்பி அரை மில்லிமீட்டர் பின்னால் நழுவி இதே கோளாறைத் தரும். தொட்டால் சரியாகி, டிவி பெட்டியைத் துடைத்தால் மறுபடி கெடும். ரோச்சோரில் உள்ள சிம் லிம் ஸ்கொயரில் ஒரு நல்ல கேட்6 ரக ஈதர்நெட் கம்பி சில வெள்ளிக்குக் கிடைக்கிறது. 10 ஜிபிபிஎஸ்ஸும் கேட்6இல் 55 மீட்டர் வரை ஓடும். எந்த நான்கறை வீட்டுக்கும் அது தாராளம். தட்டைக் கம்பிகளைத் தவிர்ப்பது நல்லது. கதவிடுக்கில் நசுங்கினால் முதலில் போவது அவைதான்.

அடுத்து ஒளியிழை. சுவரிலுள்ள வெள்ளை முடிவுப் பெட்டியிலிருந்து ஓஎன்டி பெட்டிக்கு (ஒளியை ரவுட்டருக்கான மின்சிக்னலாக மாற்றுவது) வரும் மெல்லிய கம்பியின் முனை பச்சை நிறத்தில் இருக்கும். பச்சை என்றால் முனை 8 பாகை சாய்வாகத் தேய்க்கப்பட்டது என்று பொருள். நீல முனைக் கம்பியை அதில் செருகக் கூடாது. டிவி அலமாரியைச் சுவரோடு தள்ளும்போது இந்தக் கம்பி மூலையில் மடங்குவது சர்வசாதாரணம். எவ்வளவு சின்ன வளைவைத் தாங்கும் என்று ஊகம் பேசாமல், உள்ளங்கை அகல வளையமாகவே சுற்றி வையுங்கள். ஓஎன்டியில் பான் விளக்கு அசையாமல் எரிய வேண்டும். எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாகச் சிமிட்டினால் ஒளி வரவில்லை. அப்போது ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. முடிவுப் பெட்டியில் பெரும்பாலும் இரண்டு முனைகள் இருக்கும். நிறுவனம் மாறிய வீடுகளில் கம்பி பழைய முனையிலேயே இருப்பதுண்டு. அதை முதலில் பாருங்கள். முனையைக் கழற்றினால் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள், அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாத லேசர். விரலாலும் தொடாதீர்கள், எண்ணெய்ப் பிசுக்கு ஒன்றே சிக்னலைக் குறைக்கும்.

ஓஎன்டியின் பக்கத்தைத் திறக்க முடிந்தால் பெறும் ஒளியின் அளவு டிபிஎம் என்ற அலகில் தெரியும். மைனஸ் 15 முதல் மைனஸ் 24 வரை நிம்மதி. மைனஸ் 27ஐ நெருங்கினால் விளக்குகள் எல்லாம் பச்சையாக இருந்தும் இணைப்பு அவ்வப்போது அறுந்து ஒட்டும். இந்த எண்ணைச் சொல்லிப் புகார் கொடுத்தால் பேச்சு வேறு மாதிரிப் போகும்.

பாம் ஷெல்டர் (வீட்டுக்குள் உள்ள கான்கிரீட் பாதுகாப்பு அறை) விவகாரம் தனி. பல பிடிஓ (முன்பதிவின்படி கட்டப்படும் வீவக) வீடுகளில் கம்பிகள் எல்லாம் அந்த அறைக்குள்ளோ அதன் ஓரத்திலோ வந்து சேர்கின்றன. ஓஎன்டியும் ரவுட்டரும் ஒன்றாக உள்ள பெட்டியை அங்கேயே வைத்து இரும்புக் கதவைச் சாத்தினால், கான்கிரீட்டும் இரும்பும் வைஃபையை விழுங்கிவிடும். 10 ஜிபிபிஎஸ் திட்டங்களுடன் இப்போது இந்த ஒருங்கிணைந்த பெட்டி வருவது அதிகமாகிவிட்டது. ஓஎன்டி தனி, ரவுட்டர் தனி என்று கேட்டு வாங்க முடிந்தால் அதுவே மேல். ஓஎன்டி அறைக்குள் இருக்கட்டும், ரவுட்டர் கூடத்தில் இருக்கட்டும், நடுவே சுவருக்குள் ஏற்கெனவே உள்ள கேட்6. அந்த அறைச் சுவரில் விருப்பம்போல் துளையிட அனுமதியில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

சுவரில் கேட்6 இல்லாத பழைய வீடா? வீடெங்கும் வைஃபையைப் பரப்பும் மெஷ் பெட்டிகளை வயர்லெஸ்ஸாகவே இணைத்தால், பெட்டிகள் தமக்குள் பேசத் தனி அலைவரிசை இல்லாத மாடல்களில் பெட்டிக்குப் பெட்டி ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் ஏறக்குறைய பாதியாகும். அதற்கு முன் சுவரில் பழைய கேபிள் டிவி முனை இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டார்ஹப் 2019இல் கேபிள் சேவையை நிறுத்தியபின் அந்தக் கம்பிகள் பல வீடுகளில் சும்மாதான் கிடக்கின்றன. அதில் மோக்கா 2.5 பெட்டிகளை (கேபிள் டிவி கம்பி வழியே இணையம் அனுப்புபவை) இரு முனையிலும் போட்டால் கிகாபிட் தாராளமாக ஓடும். கவனிக்க வேண்டியது நடுவிலுள்ள பிரிப்பான்: 5–1000 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தால் மாற்றுங்கள், மோக்காவுக்கு 1675 வரை வேண்டும். குறியாக்கத்தையும் இயக்கிவிடுங்கள். மின்கம்பி வழியே அனுப்பும் பவர்லைன் பெட்டிகளைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. ஏர்கான் ஓடத் தொடங்கினால் அவற்றின் வேகம் தள்ளாடும்.

வைஃபை திடீரென்று ஒரு நிமிடம் மறைந்து மறுபடி வருகிறதா? புதிய ரவுட்டர்களில் இந்தப் புகார் அதிகம், காரணமும் தெளிவு. 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையுள்ள சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. ரேடார் சாடை தெரிந்தால் ரவுட்டர் உடனே அந்தச் சேனலை விட்டு வெளியேறியாக வேண்டும். அத்தகைய இன்னொரு சேனலுக்குப் போவதற்கு முன் குறைந்தது 60 விநாடி காது கொடுத்துக் கேட்க வேண்டும். 160 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைத் தேர்ந்தால் 36 முதல் 64 வரையுள்ள சேனல்கள் மொத்தமாகப் போகும், அதில் பாதி ரேடார் பகுதி. அகலத்தை 80க்குக் குறைத்து, சேனலை 36 அல்லது 149 என்று கையால் நிறுத்துங்கள். உச்ச வேகம் குறையும், அறுந்து போவது நிற்கும். அடுக்குமாடியில் இந்தப் பேரம் லாபமானது. 2.4 கிகாஹெர்ட்ஸில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலமும் 1, 6, 11இல் ஒன்றும் தவிர வேறெதுவும் வேண்டாம்.

கோளாறு எங்கே என்று பிரித்தறிய எளிய வழி பிங். மடிக்கணினியில் மூன்று சாளரம் திறந்து ஒரே நேரத்தில் ஓடவிடுங்கள்: முதலாவது, ரவுட்டரின் முகவரி (பெரும்பாலும் 192.168.1.1); இரண்டாவது, 1.1.1.1 என்ற கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் பொதுச் சர்வர்; மூன்றாவது, சென்னையிலுள்ள ஏதாவது ஒரு சர்வர். முதல் வரியே 3இலிருந்து 200 மில்லி விநாடிக்குத் துள்ளினால் குற்றவாளி வைஃபை. முதல் வரி அமைதியாக இருந்து இரண்டாவது துள்ளினால் இழையோ நிறுவனமோ. முதல் இரண்டும் அமைதி, சென்னை மட்டும் துள்ளுகிறது என்றால் கடலடிப் பாதை. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002இல் போட்ட ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 200,000 கிலோமீட்டர் ஓடுவதால், போய்வர 32 மில்லி விநாடிக்குக் குறையவே குறையாது. 40, 50 வந்தால் இயல்பு. 200ஐத் தாண்டினால் உங்கள் தரவு நேர்வழியில் போகாமல் ஊர் சுற்றிப் போகிறது. ஊரிலுள்ள பெற்றோருடன் தினமும் வீடியோவில் பேசும் குடும்பத்துக்கு, நிறுவனம் இந்தியாவுக்கு எந்த வழியாக அனுப்புகிறது என்பதுதான் முக்கியம். 1 ஜிபிபிஎஸ்ஸா 10 ஜிபிபிஎஸ்ஸா என்பது இரண்டாம் பட்சம். அதே புளோக்கில் வேறு நிறுவனம் வைத்திருக்கும் அண்டை வீட்டாரிடம் இரவு பத்து மணிக்கு இதே சோதனையைச் செய்துபார்க்கச் சொல்லுங்கள். எந்த விளம்பரத்தையும்விட நம்பகமான தகவல் அது.

புகார் கொடுக்கும்போது, வைஃபையில் எடுத்த ஸ்பீட் டெஸ்ட் படத்தை யாரும் மதிக்க மாட்டார்கள். கம்பியில் இணைத்து, காலை 7, மாலை 7, இரவு 10 என மூன்று நாள் எடுத்த அளவுகளும் பிங் பதிவும் வையுங்கள். நெட்லிங்க்கை நேரடியாக அழைத்துப் பயனில்லை. இழைக் கோளாறாக இருந்தாலும் உங்கள் நிறுவனம்தான் அவர்களிடம் பதிவு செய்ய வேண்டும், அந்தப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இங்குள்ள நிறுவனங்கள் வழக்கமான வேக வரம்பைத் தங்கள் தளத்தில் வெளியிட வேண்டும் என்பது தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் விதி. உங்கள் அளவுகளை அதோடு ஒப்பிட்டே பேசுங்கள். பேச்சு முட்டிக்கொண்டால் 2022இல் தொடங்கிய தொலைத்தொடர்பு தகராறுத் தீர்வுத் திட்டம் இருக்கிறது. சிங்கப்பூர் சமரச நிலையம் நடத்துகிறது.

இத்தனைக்குப் பிறகும் 10 ஜிபிபிஎஸ்தான் என்று முடிவு செய்தால், நிறுவ வருபவர் கிளம்புவதற்கு முன் மூன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரவுட்டரில் 10 ஜிபிபிஎஸ் முனை ஒன்றுக்குமேல் உண்டா. ஒன்றே என்றால், ஓஎன்டி தனியாக உள்ள வீட்டில் உள்ளே வருவதற்கே அது போய்விடும், மற்றவை கிகாபிட்டாகவோ 2.5 ஜிபிபிஎஸ்ஸாகவோ நிற்கும். கம்பியில் இணைத்த சோதனை உங்கள் மடிக்கணினி முனையின் உச்சத்தை எட்டுகிறதா. பெட்டியைச் சுற்றிக் காற்றோட்டம் உண்டா. செம்புக் கம்பியில் ஓடும் 10 ஜிபிபிஎஸ் முனைகள் நன்றாகச் சூடேறும், கண்ணாடிக் கதவு போட்ட டிவி அலமாரிக்குள் வைத்தால் பிற்பகல் வெயிலில் தானாக அணைந்து எழும்.