வள்ளத்து மோட்டாரில் தீப்பொறி இல்லையா? பிளக், மீட்டர், மாற்றுப் பாகம் என்ற மூன்றில் எதை எப்போது நம்புவது

கயிற்றை இருபது தடவை இழுத்தும் மோட்டார் பிடிக்கவில்லை என்றால் எங்கள் கடப்புறத்தில் மூன்று பேர் மூன்று யோசனை சொல்வார்கள். ஒருவர் பிளக்கைக் கழற்றி, சிலிண்டரின் தலைப்பகுதியான ஹெட்டில் தொட வைத்துப் பொறி வருகிறதா என்று பார்க்கச் சொல்வார். இன்னொருவர் மல்டிமீட்டர் வைத்திருக்கும் பையனைக் கூப்பிடச் சொல்வார். மூன்றாமவர், பக்கத்து வள்ளத்து மோட்டாரின் சிடிஐ பெட்டியை (பொறிக்கான மின்சாரத்தைச் சேர்த்து விடும் பெட்டி) கழற்றி இதில் மாட்டினால் விஷயம் தெரிந்துவிடும் என்பார். குமரி மாவட்டத்தில் முட்டம், கடியபட்டணம், குளச்சல் என்று நான் போய் வந்த கரைகளில் எல்லாம் இந்த மூன்றும்தான் நடக்கின்றன. மூன்றுமே பயனுள்ள வழிகள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தெரிந்த கேள்வி ஒன்றுதான். அதைத் தாண்டிக் கேட்டால் தவறான பதில் வரும்.

இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். கணவாய் மீன் நன்றாகப் பட்டுக்கொண்டிருந்த ஒரு சமயம், எங்கள் வள்ளத்தின் இரண்டு சிலிண்டர் மண்ணெண்ணெய் மோட்டாரில் ஒரு விடியற்காலையில் பொறியே இல்லை. பழுது பார்க்க வந்தவர் பிளக்கை மட்டும் பார்த்துவிட்டு, சிடிஐ போய்விட்டது என்றார். புதிது வாங்கி மாட்டினோம், பொறி வரவில்லை. அப்படியானால் காயில் என்றார். இரண்டு நாள் தொழில் போனது. மூன்றாம் நாள், பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தலையைத் தூக்கி, "மக்கா, பெட்டிய மாத்துறதுக்கு முன்னால அந்தச் செவப்புக் கயிறு மாட்டுற சுவிட்ச பாத்தியா?" என்று கேட்டார். அவர் சொன்னது, கயிற்றை உருவினால் மோட்டாரை நிறுத்தும் ஸ்டாப் சுவிட்சை. அதைக் கழற்றினேன். ரப்பர் மூடிக்குள் உப்புத்தண்ணீர் புகுந்து, இரண்டு கம்பி முனைகளுக்கும் நடுவில் பச்சைக் களிம்பு பாலம் போலப் பிடித்திருந்தது. அந்தக் கம்பியைப் பிரித்துவிட்டுக் கயிற்றை இழுத்ததும் மோட்டார் பிடித்தது.

காரணம் எளிது. கயிறு இழுத்து ஓட்டும் இந்த மோட்டார்களில் பொறிக்குப் பேட்டரி தேவையில்லை. பிளைவீலில் இருக்கும் காந்தம் சுற்றும்போது அதன் அடியில் உள்ள சார்ஜ் காயிலில் மின்சாரம் பிறக்கிறது. சிடிஐ பெட்டி அதைச் சேர்த்து வைக்கிறது. பல்சர் காயில் "இப்போது" என்று சைகை காட்டியதும், சேர்த்ததை இக்னிஷன் காயிலுக்குள் கொட்டுகிறது. இக்னிஷன் காயில் அதைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்திப் பிளக்குக்கு அனுப்புகிறது. ஸ்டாப் சுவிட்ச் செய்வது, சார்ஜ் காயிலின் மின்சாரத்தைப் பெட்டிக்குப் போகவிடாமல் எர்த்தில் இறக்கிவிடுவதுதான். அந்தச் சுவிட்ச் உப்பில் ஊறிக் கசிந்தால், நல்ல சிடிஐயும் நல்ல காயிலும் செத்ததுபோலவே தெரியும்.

முதல் வழிக்கு வருவோம். பிளக்கை ஹெட்டில் வைத்துப் பார்ப்பதற்குச் செலவே இல்லை. பிளக் ஸ்பேனர் ஒன்று இருந்தால் நடுக்கடலிலும் செய்யலாம். பிளக் முனையின் நிறமே பாதி கதையைச் சொல்லிவிடும். காப்பிப் பொடி நிறம் என்றால் நல்லது. ஈரமாகக் கறுத்திருந்தால் மண்ணெண்ணெய்க் கரியோ, அதிகமாகக் கலந்த டூ-டி ஆயிலோ காரணம். வெளிறி இருந்தால் மோட்டார் அளவுக்கு மீறிச் சூடாகிறது. இவ்வளவு தகவலை மீட்டர் தராது.

ஆனால் பொறி விஷயத்தில் இந்த வழி இரண்டு பக்கமும் ஏமாற்றும். வெளிக்காற்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டுவது எளிது. சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்பட்டிருக்கும்போது அதே இடைவெளியைத் தாண்ட இன்னும் அதிக வோல்ட் வேண்டும். அதனால் வெளியே பார்க்கும்போது நன்றாக வரும் பொறி உள்ளே வராமல் போகலாம். மறுபக்கம், பெயின்ட்டோ உப்போ படிந்த இடத்தில் பிளக்கை வைத்தால் எர்த் கிடைக்காது, இருக்கிற பொறியும் வராது. நடுப்பகல் வெயிலில் மங்கலான பொறி கண்ணுக்கும் தெரியாது. இடைவெளியை மாற்றி வைக்கக்கூடிய பொறி சோதிப்பான் ஒன்று கடையில் கிடைக்கிறது. அதில் ஆறேழு மில்லிமீட்டரை நீல நிறத்தில் சடசடவென்று தாண்டினால்தான் பொறி நல்லது என்று சொல்வேன். மஞ்சளாக, சத்தமில்லாமல் தாண்டினால் நம்ப வேண்டாம். பிளக் துளைக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்ப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். துளையிலிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். பிளக்கின் தலையில் மாட்டும் கேப்பைச் சும்மா தொங்கவிட்டுக் கயிறு இழுப்பதும் கூடாது. எர்த் கிடைக்காத மின்சாரம் பெட்டியையே கெடுத்துவிடக்கூடும்.

பொறி நன்றாக இருந்தும் மோட்டார் பிடிக்காவிட்டால் இக்னிஷனை விட்டுவிடுங்கள். மண்ணெண்ணெய் மோட்டாரைப் பெட்ரோலில் கிளப்பிச் சூடான பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம். முந்தின நாள் கரையேறும்போது பெட்ரோலுக்குத் திருப்பாமல் அப்படியே அணைத்திருந்தால் கார்புரேட்டர் முழுக்க மண்ணெண்ணெய்தான் நிற்கும். குளிர்ந்த மோட்டாரில் அது பற்றாது. இக்னிஷன் கோளாறு என்று என்னிடம் வந்தவற்றில் பல, உண்மையில் இதுதான்.

மல்டிமீட்டரின் நிலை வேறு. சில நூறு ரூபாய்க்கு வாங்கிவிடலாம். எல்லாவற்றுக்கும் அதை நம்புவோர் உண்டு, நான் அப்படி இல்லை. ஸ்டாப் சுவிட்சுக்கு மீட்டரைவிட நல்ல வழி கிடையாது. சிவப்புக் கயிற்றின் கிளிப் மாட்டியிருக்கும்போது சுவிட்சின் இரண்டு கம்பிக்கும் நடுவே இணைப்பே காட்டக் கூடாது. கிளிப்பை உருவினால் இணைப்புக் காட்ட வேண்டும். மாட்டியிருக்கும்போதும் சில கிலோ ஓம் காட்டினால் அங்கே கசிவு. எங்கள் மோட்டாரில் இதைச் செய்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அறுந்த கம்பி, எர்த் பிடிக்காத போல்ட், ரெசிஸ்டர் உள்ள பிளக் கேப் (பெரும்பாலும் ஐந்து கிலோ ஓம்) ஆகியவற்றுக்கும் மீட்டர் போதும்.

காயிலில்தான் மீட்டர் தடுமாறுகிறது. இக்னிஷன் காயிலின் முதல் சுற்று ஒரு ஓமுக்கும் குறைவாக இருக்கும். சாதாரண மீட்டரின் கம்பிகளே அரை ஓம் வரை காட்டும்போது அந்த அளவில் நல்லதையும் கெட்டதையும் எப்படிப் பிரிப்பது? சிடிஐ பெட்டியை ஓமில் வைத்து முடிவு சொல்லவே முடியாது. அதற்கு உச்ச வோல்ட்டைப் பிடித்துக் காட்டும் பீக் வோல்ட் அடாப்டர் வேண்டும், கரையில் எத்தனை பேரிடம் இருக்கிறது? சாதாரண ஏசி வோல்ட்டில் வைத்துப் பார்த்துவிட்டுப் பெட்டி கெட்டது என்று சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். கண நேரத்தில் வந்துபோகும் உச்சத்தை அந்த மீட்டர் பிடிப்பதில்லை.

அப்படியானால் பெட்டியைச் சோதிக்க, அதே மாடல் மோட்டாரின் நல்ல பெட்டியை மாட்டிப் பார்ப்பதுதான் நம் கையில் இருக்கும் உறுதியான வழி. ஆனால் அது கடைசியாக வர வேண்டும். இரவல் வாங்கும் பெட்டி இன்னொரு வீட்டின் சோறு. கம்பி நிறம் மாறி மாட்டினால் அதுவும் போய்விடும். சுவிட்ச், எர்த், கம்பிகள், சார்ஜ் காயில் ஆகியவற்றை மீட்டரில் பார்த்து முடித்த பிறகே பக்கத்து வள்ளத்துக்காரரைக் கேளுங்கள்.

இரவல் இல்லாமலேயே இந்த வழியின் ஒரு பகுதியைச் செய்யலாம். இரண்டு சிலிண்டரில் ஒன்றில் மட்டும் பொறி வரவில்லை என்றால் மேல் பிளக்கைக் கீழும், கீழ்ப் பிளக்கை மேலும் மாற்றுங்கள். கோளாறு பிளக்கோடு இடம் மாறினால் பிளக்தான் குற்றவாளி. மாறாவிட்டால் அடுத்துக் கேப், அதன் பிறகு காயில். சில மோட்டார்களில் இரண்டு பிளக்குக்கும் ஒரே காயில்தான் இருக்கும், அங்கே காயிலை இப்படி மாற்ற முடியாது. பிளக் புதிதாக வாங்கும்போது பழைய பிளக்கில் உள்ள அதே எண் கொண்டதையே வாங்குங்கள். என்ஜிகே கம்பெனி பிளக்கில் பி7எச்எஸ்-10 என்று இருந்தால் கடைசிப் பத்து, ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைக் குறிக்கும். நடு எண் கூடக்கூட பிளக் குளிர்ச்சியானது.

2017 நவம்பர் 30-ஐ மறக்காத கரை இது. ஓகி புயலில் போனவர்கள் திரும்பாத வீடுகள் எங்கள் பக்கத்தில் உண்டு. கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் மோட்டார் நிற்பதை அதற்குப் பிறகு யாரும் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை. அப்படி நடுக்கடலில் மட்டும் நின்று, கரைக்கு இழுத்து வந்ததும் ஒழுங்காகப் பிடிக்கும் மோட்டார்தான் இந்த மூன்று வழிக்கும் பெரிய சோதனை. சார்ஜ் காயிலோ பல்சர் காயிலோ உள்ளே விரிசல் விட்டிருந்தால், குளிர்ந்திருக்கும்போது மீட்டரில் சரியான எண்ணையே காட்டும். அரைமணி ஓடிச் சூடானதும் விரிசல் விலகிப் பொறி நின்றுவிடும், ஆறியதும் திரும்ப வரும். கரையில் எத்தனை தடவை அளந்தாலும் பிடிபடாது. நின்ற அந்த நிமிடத்திலேயே, மூடியைத் திறந்து, பொறி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்தால் எரிபொருள் பக்கம் போங்கள். இல்லாவிட்டால், ஸ்டாப் கம்பியைப் பிரித்துவிட்டு ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் சூடு ஆறும் முன்பே காயில்களை அளந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டாப் கம்பியைப் பிரித்த நிலையில் மோட்டார் பிடித்துவிட்டால் சுவிட்சால் அதை நிறுத்த முடியாது. சோக்கை முழுக்க இழுத்தோ, எரிபொருள் குழாயைக் கழற்றியோதான் நிறுத்த வேண்டும். இதைக் கயிறு இழுப்பதற்கு முன்பே வள்ளத்தில் இருக்கிற எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.