பன்னீர் ரோஜாவா, ஒட்டு ரோஜாவா? வெயில் ஊர்த் தொட்டிக்கு எது சரி

நர்சரியில் ரோஜாச் செடி கேட்டால், உள்ளங்கை அகலத்துக்குப் பூ நிற்கும் ஒட்டுச் செடியைத்தான் முதலில் காட்டுவார்கள். பூவைப் பார்த்ததும் வாங்கிவிடத் தோன்றும். ஆனால் ரோஜாவில் ரகத்துக்கு ரகம் குணம் வேறு. சென்னை, மதுரை, திருச்சி மாதிரி வெயில் காயும் ஊர்க்காரர்கள் கொஞ்சம் யோசித்து வாங்குவது நல்லது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சமவெளியில் முதல் செடி பன்னீர் ரோஜாதான்.

பூக்கடையில் உதிரியாக எடை போட்டு விற்கும் இளஞ்சிவப்புப் பன்னீர் ரோஜா பெரும்பாலும் எட்வர்ட் ரோஜா என்ற ரகம். இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவுதான் இதன் வம்சத்துக்குப் பூர்வீகம். அன்று அதற்குப் போர்போன் தீவு என்று பெயர். அங்கே வேலியோரம் வளர்ந்த டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமாகவே கலந்து பிறந்த செடி இது. டமாஸ்க்கிடமிருந்து வாசனை வந்தது. திரும்பத் திரும்பப் பூக்கும் குணம் முக்கியமாகச் சீன ரோஜாவின் கொடை. உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் பக்கம் அத்தருக்காக வளர்க்கும் டமாஸ்க் ரோஜா வசந்தத்தில் சில வாரங்கள் மட்டும் பூத்து ஓய்ந்துவிடும். நம் ஊர்ப் பன்னீர் ரோஜா அப்படி இல்லை, விட்டு விட்டு ஆண்டு முழுவதும் பூக்கிறது.

இதன் பூவை ஜாடிக்கு என்று நினைத்தால் ஏமாற்றம்தான். காலையில் விரிந்த பூவின் இதழ்கள் மெல்லியவை, நெருக்கமாக மடிந்தவை. காம்பைப் பிடித்து லேசாக உதறினாலே மறுநாள் பாதி இதழ் கையோடு வந்துவிடும். அந்த இதழ்தான் மாலைக்கும் அர்ச்சனைக்கும் குல்கந்துக்கும் வேண்டியது. பென்சில் கனத்தில் ஒரு குச்சியை வெட்டி நட்டாலே வேர் பிடிக்கும், ஒட்டுக் கட்டும் வேலை இல்லை. முள் மட்டும் நிறைய, பறிக்கும்போது கவனம் வேண்டும்.

அடுத்து, நர்சரிக்காரர் ‘ஒட்டு ரோஜா’ என்று தருவது. பெரும்பாலும் ஹைபிரிட் டீ இனம். 1867-இல் பிரான்ஸில் கியோ என்பவர் வெளியிட்ட ‘லா பிரான்ஸ்’ ரகத்தை இந்த இனத்தின் தொடக்கமாகச் சொல்வார்கள். நீண்ட காம்பு, ஒரு காம்புக்கு ஒரு பூ, கூம்பாக நிமிர்ந்த மொட்டு: அழகில் இதற்கு ஈடு கிடையாது. ஓசூர் பசுமைக்குடில்களிலிருந்து பிப்ரவரியில் காதலர் தினத்துக்காக விமானம் ஏறும் ‘தாஜ்மஹால்’ சிவப்பு ரோஜா இந்தச் சாயல்தான். ஊட்டி அரசு ரோஜாப் பூங்காவில் போய்ப் பார்த்தால் இந்த இனத்தின் முழு அழகும் புரியும். அங்கே இருக்கும் குளிர்தான் அதற்குக் காரணம். அதே செடியை மே மாதத்தில் வேலூர் மாடியில் வைத்தால் பூ சின்னதாகும், நிறம் வெளுக்கும், மொட்டு ஒரே நாளில் அவசரமாக மலர்ந்து தொங்கிவிடும்.

மணத்திலும் இந்த இனத்தில் பல ரகங்கள் பின்தங்கியவை. 2015-இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் ரோஜா மணத்துக்குத் துணைபுரியும் ஒரு நொதியைக் கண்டறிந்தார்கள். மணமுள்ள ரகத்தில் அதன் மரபணு மும்முரமாக இயங்குகிறது, மணமற்ற ரகத்தில் ஏறக்குறைய ஓய்ந்து கிடக்கிறது. வடிவத்தையும் நிறத்தையும் வாடாத தன்மையையும் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியதில் வாசனை கைநழுவிப்போனது எனக்குப் பெரிய வருத்தம். அதற்காக எல்லாவற்றையும் ஒதுக்கிவிட வேண்டாம். அடர்சிவப்பு ‘பாப்பா மெய்லாண்ட்’ மணத்துக்கே பேர் போனது. கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள்.

பராமரிப்பிலும் ஹைபிரிட் டீ கொஞ்சம் செல்லம் கேட்கும். மழைக்காலத்தில் இலையில் கரும்புள்ளி, வெயிலில் இலைப்பேன், கவாத்து செய்த, அதாவது கிளையை வெட்டிவிட்ட இடத்திலிருந்து கீழ்நோக்கிக் கிளை கருகும் நுனிக்கருகல் என எல்லாம் வரும். அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கவாத்து செய்து, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) தடவினால் பாதித் தொல்லை குறையும். பன்னீர் ரோஜாவுக்கும் நோய் உண்டு, ஆனால் சீக்கிரம் தேறிவிடும்.

கொத்தாகப் பூக்கும் ஃப்ளோரிபண்டா இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 1958-இல் ஜெர்மனியின் கோர்டஸ் வெளியிட்ட வெள்ளை ‘ஐஸ்பெர்க்’ இதில் உலகப் புகழ் பெற்றது. முள் குறைவு, ஒரு கொத்து உதிர்வதற்குள் அடுத்தது தயார். தனிப்பூவின் கம்பீரம் கிடையாது, மணமும் லேசானதுதான். எப்போதும் செடியில் நிறம் தெரிய வேண்டும் என்பவர்களுக்கு ஹைபிரிட் டீயைவிட இதையே சொல்வேன்.

பட்டன் ரோஜா இடம் குறைந்தவர்களுக்கு. சின்னத் தொட்டி போதும், பூ எண்ணிக்கையில் குறை வைக்காது, தொடுத்தால் சரம் அழகாக நிற்கும். வாசனையை எதிர்பார்க்க வேண்டாம்.

வீட்டில் பூஜை, தலையில் வைக்க, குல்கந்து போட என்றால் பன்னீர் ரோஜா. பால்கனியில் இடம் கொஞ்சம்தான் என்றால் பட்டன். ஓசூர், ஏற்காடு, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் தைரியமாக ஹைபிரிட் டீக்குப் போகலாம். சமவெளியிலும் அது வேண்டும் என்றால், ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடத்தில், உச்சி வெயிலுக்கு மட்டும் நிழல்வலை கட்டி வையுங்கள்.

ஒட்டுச் செடி வாங்கும்போது தண்டின் அடியில் முண்டு மாதிரி இருக்கும் ஒட்டுப் பகுதியைக் கட்டாயம் பாருங்கள். அது மண்ணுக்கு மேலே, காயமில்லாமல், பச்சையாக இருக்க வேண்டும். நட்ட பிறகு அதற்குக் கீழேயிருந்து துளிர்ப்பது அடிச்செடியின், அதாவது வேர் தரும் கீழ்ச்செடியின் கிளை. எட்வர்ட் ரோஜாவையே அடிச்செடியாக வைத்து ஒட்டுக் கட்டுவதும் உண்டு. அந்தத் துளிரை விட்டுவிட்டால் சத்தையெல்லாம் அதுவே இழுத்துக்கொண்டு மேல்செடி மெலியும். கத்தரியால் நறுக்கினால் மறுபடி துளிர்க்கும். மண்ணை விலக்கி, கிளம்பும் இடத்தோடு பிய்த்து எடுங்கள்.